சொட்டுக்குள் எழும் நீரோட்டம்

கோழிமுட்டை வெள்ளைக்கருவில் இருக்கும் லைசோசைம் புரதத்தை உப்புக் கரைசலோடு கலந்து, கண்ணாடி வில்லையில் ஒரு சொட்டாகத் தொங்கவிட்டு, மறுநாள் காலையில் நுண்ணோக்கியில் பார்ப்பது என் ஆய்வக நாட்களின் வழக்கம். பட்டை தீட்டினாற்போன்ற படிகங்கள் விளைந்திருக்கும். ஆனால் பல படிகங்கள் சொட்டின் அடிமுனைக்குச் சரிந்து, ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கும். புரதத்தின் வடிவத்தைக் கண்டறியும் எக்ஸ் கதிர் ஆய்வுக்கு அவை உதவா.

ஈர்ப்பு விசையின் இன்னொரு வேலை கண்ணுக்குத் தெரியாது. வளரும் படிகம் தன்னைச் சுற்றியுள்ள புரத மூலக்கூறுகளை எடுத்துக்கொள்வதால், அதையொட்டிய கரைசல் செறிவு குறைந்து, அடர்த்தியும் சற்றுக் குறைந்து மேலே எழுகிறது. அந்த இடத்துக்குச் செறிவான கரைசல் வந்து சேர்கிறது. பந்தியில் இலை காலியாகுமுன் அடுத்த கரண்டி விழுவதைப் போல, மூலக்கூறுகள் சரியான திசையில் பொருந்துமுன் அடுத்தவை வந்து மோதுகின்றன. இரண்டிரண்டாக ஒட்டிய லைசோசைம் போன்ற மாசுகளும் அந்த ஓட்டத்தோடு வந்து படிகத்தில் சிக்குகின்றன.

எடையின்மை நிலவும் விண்வெளியில் இந்த ஓட்டம் பெரிதும் அடங்கிவிடும். ஓட்டம் இல்லாவிட்டால் மூலக்கூறுகள் விரவி, அதாவது தாமாக மெல்லப் பரவி, மட்டுமே வர வேண்டும். லைசோசைம் 1 மி.மீ. கடக்கவே மணிக்கணக்காகும். பருத்த மாசுகள் அதனினும் மெதுவாக வருவதால், படிகத்தைச் சூழ்ந்த நீர்த்த வளையமே ஒரு வடிகட்டியாகிறது.

1983இன் இறுதியில் கொலம்பியா விண்ணோடத்தில் பறந்த ஸ்பேஸ்லேப் ஆய்வகத்தில் ஜெர்மன் ஆய்வாளர் வால்டர் லிட்கே வளர்த்த லைசோசைம் படிகங்கள், அதே கருவியில் தரையில் வளர்ந்தவற்றைவிடப் பருமனில் ஏறத்தாழ 1000 மடங்கு பெரியவை என்று அடுத்த ஆண்டு அறிவிக்கப்பட்டது. பலரும் வியந்த எண்தான். எனினும் படிகத்தின் தரத்தை அளவு தீர்மானிப்பதில்லை, உள்ளொழுங்கே தீர்மானிக்கிறது. விண்வெளியும் முழு அமைதியானதன்று: வீரர்களின் உடற்பயிற்சியும் இயந்திரங்களின் அதிர்வும் கருவிகளை எட்டுகின்றன. காற்றைத் தொடும் சொட்டின் மேற்பரப்பில் பரப்பு இழுவிசை வேறுபட்டால், ஈர்ப்பின் துணையின்றியே ஓட்டம் எழும்.

மருந்துத் துறைக்குப் பயன் வேறொரு வழியில் வந்தது. பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் மெர்க் நிறுவனம் பெம்ப்ரோலிசுமாப் என்னும் புற்றுநோய் மருந்தை ஒரே சீரான நுண்படிகங்களாக வளர்த்து, 2019இல் முடிவுகளை வெளியிட்டது. படிகங்கள் அடியில் படியாததும் அந்தச் சீர்மைக்கு ஒரு காரணம்.

ராக்கெட் கிடைக்காத எங்களைப் போன்றோருக்குக் கடற்பாசியிலிருந்து எடுக்கும் அகரோஸ் ஜெல் உண்டு. நுண்குழாயில் மிக இளகிய ஜெல்லை நிரப்பிவிட்டால் நீரோட்டம் நின்றுவிடும், படிகமும் சரியாது. அப்படி வளர்த்த முதல் குழாயை வெளிச்சத்தில் பிடித்தபோது, படிகங்கள் தோன்றிய இடத்திலேயே தனித்தனியாக அந்தரத்தில் நின்றன.