லினக்ஸ் எல்லாருக்கும் சரிப்படுமா?

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்ததிலிருந்து அதற்கு மாற்றான இயங்குதளமான லினக்ஸ் பற்றி இந்தக் கேள்வி அடிக்கடி வருகிறது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி கணினியில் வேண்டும், பழைய பிராசசர் பலவும் ஆகாது. அதற்காக நன்றாக ஓடும் கணினியைத் தூக்கிப் போடுவதா?

பிரவுசர், மெயில், வீடியோ, எப்போதாவது ஒரு கடிதம், இவ்வளவுதான் வேலை என்றால் லினக்ஸ் வகைகளில் ஒன்றான லினக்ஸ் மின்ட் தாராளமாகப் போதும். கறுப்புத் திரையில் கட்டளை தட்டும் அவசியம் அநேகமாக வராது.

சிக்கல் மென்பொருளில்தான். ஃபோட்டோஷாப்புக்கு லினக்ஸ் பதிப்பே கிடையாது. எம்எஸ் ஆபிஸுக்கு மாற்றான லிப்ரே ஆபிஸ், வேர்ட் கோப்பைத் திறக்கும். ஆனால் எழுத்துரு இல்லாவிட்டால் பக்க அமைப்பு கலையும். மேக்ரோ (வேலையைத் தானாகச் செய்யும் சிறு நிரல்) நிறைந்த எக்செல் என்றால் தலைவலிதான். வாலரன்ட் கேம் ஆடுபவர்கள் விண்டோஸிலேயே இருந்துவிடலாம், அதன் ஏமாற்றுத்தடுப்பு மென்பொருள் லினக்ஸில் ஓடாது.

இன்னொன்று, பெரும்பாலானோர் விண்டோஸையும் தாங்களே நிறுவியதில்லை, வாங்கும்போதே இருந்தது. லினக்ஸ் கஷ்டம் என்ற பேச்சில் பாதி இதனால் வந்தது என்பேன். ஆண்ட்ராய்டுக்குள் இருப்பதும் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல்தான், அதைப் பார்த்து யாரும் பயப்படவில்லையே!

சந்தேகமிருந்தால் பென்டிரைவிலிருந்து, இன்ஸ்டால் செய்யாமலே ஓட்டிப் பாருங்கள். வைஃபை, சவுண்ட், பிரின்டர் மூன்றும் வேலை செய்கிறதா? அப்புறம் முடிவெடுக்கலாம்.