ஆறாம் வாரத்துக் கொண்டையும் பன்னிரண்டாம் வாரத்து இறகும்

மலேசியாவின் பினாங்கு மாநிலத்துப் புக்கிட் மெர்தாஜாமில் எங்கள் வீட்டுப் பின்புறத்தில் கம்பத்துக் கோழி (நாட்டுக்கோழி) வளர்க்கத் தொடங்கி மூன்று ஆண்டுகள் ஆகின்றன. சென்ற முறை பெட்டை என்று நம்பி வைத்துக்கொண்ட இரண்டு குஞ்சுகள் சேவலாகி, விடியற்காலை நான்கரை மணிக்கே மாறி மாறிக் கூவியதில் பக்கத்து வீட்டுப் பெரியவரின் உறக்கம் கெட்டது. அவர் ஒரு வார்த்தைகூடக் குறை சொல்லாததே எனக்குப் பெரும் வருத்தமாக இருந்தது. அதனால் எது சேவல், எது பெட்டை என்பதை முன்கூட்டியே அறிய, இம்முறை பொரித்த 11 குஞ்சுகளுக்கும் காலில் வண்ண வளையம் மாட்டி, ஞாயிறுதோறும் ஒவ்வொன்றையும் கையில் எடுத்துப் பார்த்துக் குறிப்பேட்டில் எழுதி வந்தேன். கால் தடிக்கத் தடிக்க வளையம் இறுகிச் சதையில் பதிந்துவிடும் என்பதால், இரு வாரத்துக்கு ஒருமுறை அதைப் பெரிதாக மாற்றுவதில் கவனமாக இருந்தேன்.

கூர் முட்டையில் சேவலும் உருண்டை முட்டையில் பெட்டையும் வரும் என்பது அம்மாவின் உறுதியான நம்பிக்கை. அவருக்காகவே பொரிப்புப் பெட்டியில் ஆறு கூர் முட்டைகளையும் ஆறு உருண்டை முட்டைகளையும் வைத்து, 18ஆம் நாள் நடுவே கம்பி வலைத் தடுப்பு போட்டேன். கூர் முட்டைகள் ஆறும் பொரித்தன. வளர்ந்தபின் பார்த்தால் மூன்று சேவல், மூன்று பெட்டை. உருண்டை முட்டைகளில் ஐந்து பொரித்து, மூன்று பெட்டையும் இரண்டு சேவலும் ஆயின. கோழியினத்தில் குஞ்சு ஆணா பெண்ணா என்பதைத் தாயின் கருமுட்டையே, ஓடு உருவாவதற்கு முன்பாகவே முடிவு செய்துவிடுகிறது; ஓட்டின் வடிவம் முட்டைக் குழாயில் பிறகு அமைவது.

முதல் நாளிலேயே சிறகு இறகின் நீளத்தை வைத்துச் சொல்லும் முறை, அதற்கென்றே தாய்வழியையும் தந்தைவழியையும் தேர்ந்து இணைத்த பண்ணைக் குஞ்சுகளுக்கு மட்டுமே பொருந்தும். பல இனம் கலந்த கம்பத்துக் கோழியில் அதற்குப் பயனில்லை. 1930களில் ஜப்பானியர் உலகெங்கும் பரப்பிய, குஞ்சின் ஆசனவாயை விரித்துப் பார்க்கும் முறைக்கு நீண்ட பயிற்சி வேண்டும். பழகாத விரல் குஞ்சின் குடலைக் காயப்படுத்தும் என்பதால் நான் அதைத் தொடவே இல்லை.

உண்மையில் உதவியது கொண்டைதான். நான்காம் வாரத்திலேயே சில குஞ்சுகளின் கொண்டை தடித்து இளஞ்சிவப்பானது. ஆறாம் வாரத்தில் அவற்றின் தாடியும் சிவந்து தொங்கத் தொடங்கியபோது, மற்றவற்றின் கொண்டை வெளிறிய மஞ்சளாகவே இருந்தது. ஒரே நாளில் பொரித்தவற்றை மட்டுமே ஒப்பிட வேண்டும். ஒரு வார வித்தியாசம் கூட ஏமாற்றிவிடும். வெயிலில் ஓடிய கோழியின் கொண்டை சூட்டைத் தணிக்க இரத்தம் ஏறிச் சிவக்கும் என்பதால், கூட்டைத் திறக்கும் காலை வேளையிலேயே பார்த்தேன். சிவந்தவை சேவல், வெளிறியவை பெட்டை எனக் கொண்டு, ஆறாம் வார முடிவில் நான்கு சேவல், ஐந்து பெட்டை என்று உறுதியாக எழுதினேன். ஒன்பதும் சரியாக அமைந்தன.

எஞ்சிய இரண்டும், பச்சை வளையமும் மஞ்சள் வளையமும், மூன்று வரிசையாகத் தட்டையாகப் படிந்த சிறு கொண்டை உடையவை. இந்த வகைக் கொண்டை சேவலிலும் மெதுவாகவே வளர்வதால் நிறம் எதையும் காட்டவில்லை. பச்சை வளையம் நெஞ்சை நிமிர்த்தி நின்று மற்றவற்றோடு மோதியதைப் பார்த்து வீட்டில் எல்லாரும் சேவல் என்றார்கள். மஞ்சள் வளையமோ ஒதுங்கியே மேய்ந்தது. நடத்தையை நம்பாமல் காத்திருந்தேன். பன்னிரண்டாம் வாரத்தில் மஞ்சள் வளையத்தின் இடுப்பில், வால் தொடங்கும் இடத்துக்கு முன்னே, ஊசிபோல் கூர்ந்து பளபளக்கும் மெல்லிய இறகுகள் முளைத்துப் பக்கவாட்டில் தொங்கின. பச்சையின் இடுப்பில் முளைத்தவை நுனி வட்டமாக, மங்கலாகவே இருந்தன. கூர்ந்த இறகு சேவலுக்கு, வட்ட இறகு பெட்டைக்கு: இந்த ஓர் அடையாளத்தையே நான் முடிவானதாகக் கொள்கிறேன். கூவலுக்காகக் காத்திருப்பது வீண்: சிவப்பு வளையம் ஒன்பதாம் வாரத்திலேயே கூவியது, அதற்கு அடங்கி வாழ்ந்த மஞ்சளோ பதினேழாம் வாரம்வரை வாய் திறக்கவில்லை.

மற்ற நான்கு சேவல்களைப் பினாங்குத் தீவின் பாலிக் புலாவில் டுரியான் தோட்டம் வைத்திருக்கும் நண்பரிடம் ஒப்படைத்தேன். மஞ்சள் வளையத்தை மட்டும் இனப்பெருக்கத்துக்காக வைத்துக்கொண்டு, இரவில் கூட்டைப் பக்கத்து வீட்டுச் சுவரிலிருந்து தள்ளி எங்கள் வீட்டோரம் நகர்த்திவிட்டேன். இருபத்து மூன்றாம் வாரம், வைக்கோல் கூடையிலிருந்து எழுந்த பச்சை வளையத்துக்கு அடியில் இளம்பழுப்பு நிறத்தில் முதல் முட்டை கிடந்தது.