கண்ணுக்குத் தெரியும் தூரம்

கோடை மாதங்களில் எனக்கு வேலை, கனடாவின் குறுக்கே கூட்டமாகச் சைக்கிள் மிதித்துப் போகிறவர்களுக்குத் துணை வேன் ஓட்டுவது. தண்ணீர் நிரப்புவது, சாண்ட்விச் அடுக்குவது, பஞ்சர் பார்ப்பது எல்லாம் அதில் அடக்கம். பசிபிக் கரையில் கிளம்பி அட்லாண்டிக் கரைவரை போகும் பயணம். ராக்கி மலையைத் தாண்டும்வரை எல்லோருக்கும் மலை மேல்தான் பயம். கால்கரி வந்ததும், "இனிமேல் தட்டைதானே" என்று மூச்சு விடுவார்கள். என்னைக் கேட்டால் வேலையே அதற்கப்புறம்தான் ஆரம்பிக்கிறது.

சஸ்காட்சுவான் மாகாணத்தில் ஸ்விஃப்ட் கரன்டிலிருந்து மூஸ் ஜாவுக்குப் போன நாளைச் சொல்கிறேன். டிரான்ஸ் கனடா நெடுஞ்சாலையில் சுமார் 175 கிலோமீட்டர். பிரெய்ரி சமவெளியில் பெரும்பாலும் மேற்கிலிருந்து வீசும் காற்றுதான். முதுகில் காற்று வாங்கிக்கொண்டு போகலாம் என்றுதான் இந்தப் பயணங்களை மேற்கிலிருந்து கிழக்காகப் போடுகிறார்கள். அன்று அது தென்கிழக்கிலிருந்து அடித்தது, எதிர்க்காற்றும் பக்கக் காற்றும் ஒன்றாக.

நேர் எதிர்க்காற்று என்றால் ஒருவர் பின்னால் ஒருவர் ஒட்டிக்கொண்டு போனால் போதும். வலது முன்பக்கத்திலிருந்து அடிக்கும்போது அது உதவாது. பின்னால் வருகிறவர் முன்னவருக்குச் சற்று இடப்பக்கம் தள்ளி வந்தால்தான் மறைவு கிடைக்கும். சாலையின் வலது ஓரமாகப் போகிற எங்களுக்கு இடப்பக்கமோ லாரிகள் பறக்கிற தடம். சாலையோரப் பட்டையின் அகலத்துக்குள் மூன்று நான்கு பேர்தான் அப்படிச் சாய்வாக அணிவகுக்க முடியும். அதனால் நாலு நாலு பேராகப் பிரித்து அனுப்பினோம். முன்னால் இருப்பவர் இரண்டு நிமிடம் காற்றை வாங்கிவிட்டுப் பின்னால் போய்விட வேண்டும். வலுவான ஆள் பெருமைக்காகப் பத்து நிமிடம் முன்னாலேயே நின்றால், மதியத்துக்குள் அந்த நாலு பேர் கூட்டமே கலைந்துவிடும்.

பஞ்சர்கள் ஹெர்பர்ட் என்ற ஊருக்கு முன்பே தொடங்கிவிட்டன. லாரி டயர் வெடித்தால் அதற்குள் இருக்கும் இரும்பு இழைகள் சாலையோரம் முழுக்கச் சிதறிக் கிடக்கும். தலைமுடி போல மெல்லிசாக இருக்கும். டியூபை மாற்றிவிட்டு இழையை டயரிலேயே விட்டால் அடுத்த கிலோமீட்டரில் மறுபடி காற்று இறங்கும். டயரின் உட்புறத்தில் விரலை ஓட்டினால் விரலில் குத்தும், எனவே ஒரு பஞ்சுத் துண்டைத் தடவுவேன். பஞ்சு எங்கே சிக்குகிறதோ அங்கே முள்வாங்கி. என் கருவிப்பெட்டியில் அதைவிட உழைத்த சாமான் கிடையாது.

தட்டை நிலத்தில் உள்ள தொல்லை, போய்ச் சேர வேண்டிய இடம் ரொம்ப முன்னாலேயே தெரிந்துவிடுவது. தூரத்தில் ஒரு தானியக் களஞ்சியம் எழும்பும். அந்தக் காலத்தில் விவசாயி குதிரை வண்டியில் தானியம் ஏற்றிப்போய் அன்றைக்கே வீடு திரும்ப வேண்டும் என்பதற்காக, ரயில் பாதை நெடுகப் பத்துப் பதினைந்து கிலோமீட்டருக்கு ஒன்றாகக் கட்டியவை. 1930களில் இந்த மாகாணத்தில் மட்டும் 3,000க்கு மேல் இருந்தன. இப்போது பலவற்றை இடித்துவிட்டார்கள். கூடவே ஊர்களும் சுருங்கிவிட்டதால் நிறைய இடங்களில் கடை கிடையாது, வேன்தான் எல்லாம். எதிர்க்காற்றில் மணிக்குப் பதினான்கு கிலோமீட்டர் போகிறவருக்கு அந்தக் களஞ்சியம் அரை மணி நேரம் அப்படியே நிற்கும். கால் வலிக்குத் தாங்குகிற மனுஷர் அதற்குத் தாங்க மாட்டார்.

அதனால் நான் வேனைக் களஞ்சியத்துக்குப் பின்னாலோ மர வரிசைக்குப் பின்னாலோதான் நிறுத்துவேன். காற்றுக்கும் மறைவு, கண்ணுக்கும் மறைவு. கூட வேலை பார்க்கும் கியூபெக்காரருக்கு இதில் உடன்பாடே இல்லை. வேன் தெரிந்தால்தான் தெம்பு வரும் என்பார்.

சாப்லினில் மதியச் சாப்பாடு. சாலையை ஒட்டிப் பனிக்குவியல் போல வெள்ளையாகக் கிடப்பது சோடியம் சல்ஃபேட். ஏரியிலிருந்து எடுத்துச் சலவைத்தூள் தயாரிப்புக்கு அனுப்புகிறார்கள். ஆர்க்டிக்குக்குப் போகும் கரைப்பறவைகள் வசந்தத்தில் ஆயிரக்கணக்கில் இறங்கும் ஏரி அது. அன்று யாருக்கும் தலை நிமிர்ந்து பார்க்கத் தெம்பில்லை.

கடைசியாக வந்துகொண்டிருந்தவர் ஓய்வுபெற்ற செவிலியர். "வேனில் ஏறிக்கொள்கிறீர்களா?" என்று இந்த வேலையில் கேட்கக் கூடாது. கேட்டால் ரோஷத்துக்காகவே மிதிப்பார்கள். பின்கதவைத் திறந்துவைத்துவிட்டு நான் பாட்டுக்குத் தண்ணீர்க் கேன்களை அடுக்கிக்கொண்டிருப்பேன். மார்ட்லாக் அருகே, மூஸ் ஜாவுக்கு இன்னும் நாற்பது கிலோமீட்டர் போல இருக்கும்போது, அவரே சைக்கிளைத் தூக்கிக் கொடுத்தார். கொஞ்ச தூரம் பேசவில்லை. அப்புறம், "அந்தக் களஞ்சியம் இவ்வளவு பக்கமா?" என்று எரிச்சலோடு கேட்டார். எண்பதில் போகும்போது பக்கம்தான் என்றேன்.

ராத்திரி சாப்பாட்டின்போது கியூபெக்காரர் அந்தச் செவிலியரையே சாட்சிக்கு இழுத்தார், வேன் தெரிந்தால் நல்லதா, தெரியாவிட்டால் நல்லதா என்று. "தெரிய வேண்டும். ஆனால் கிளம்பிப் போய்க்கொண்டிருக்கக் கூடாது" என்றார் அவர். மறுநாள் ரெஜைனாவுக்கு எழுபது கிலோமீட்டர்தான். முன்னால் போய் நிற்கும் வேனைக் கியூபெக்காரரிடமே கொடுத்துவிட்டேன், அவர் இஷ்டப்படி நிறுத்தட்டும்.