பிறப்புச் சான்றிதழ் கைக்கு வந்த பிறகு

வெளிநாட்டில் வாடகைத்தாய் மூலம் பிறந்த குழந்தைக்கு அந்த ஊர்ப் பிறப்புச் சான்றிதழ் கிடைத்ததும் பெற்றோர் முகத்தில் தெளிவு வந்துவிடும். தந்தை, தாய் என்ற கட்டங்களில் தங்கள் பெயர்தானே அச்சாகியிருக்கிறது, இனி டிக்கெட் போட வேண்டியதுதான் என்று நினைப்பார்கள். இப்படிப் பிறந்த குழந்தையை ஊருக்குக் கொண்டுவரும் ஆவணங்களைத் தயார்செய்யும் வேலையில் இருப்பவர்களுக்கு அந்தத் தாள் ஒரு நாட்டின் பதில் மட்டும்தான். குழந்தையின் பெற்றோர் யார் என்ற அதே கேள்வியை ஊர் திரும்பியதும் சொந்த நாட்டுச் சட்டம் முதலிலிருந்து கேட்கும். இரண்டு நாடும் ஒரே பதிலைச் சொன்னால் ஃபைல் மெலிதாக முடிந்துவிடும். வேறுவேறு பதில் சொன்னால்தான் வேலை.

2008-இல் இங்கிலாந்து உயர் நீதிமன்றத்தின் குடும்பப் பிரிவுக்கு வந்த ஒரு வழக்கை இந்தத் துறையில் எல்லோரும் உதாரணமாகச் சொல்வார்கள். பிரிட்டிஷ் தம்பதிக்காக உக்ரைனில் இரட்டைக் குழந்தைகள் பிறந்தன. உக்ரைன் குடும்பச் சட்டத்தின் 123-ஆம் பிரிவுப்படி கருவைக் கொடுத்த தம்பதிதான் பெற்றோர். சுமந்த பெண்ணுக்குப் பொறுப்பும் இல்லை, உரிமையும் இல்லை. ஆங்கிலேயச் சட்டம் நேர் எதிர்: பிரசவித்தவள்தான் தாய், அவளுக்குக் கணவன் இருந்தால் அவன்தான் தந்தை. அந்தப் பெண் மணமானவள். ஆக, உக்ரைன் இவை எங்கள் குழந்தைகள் இல்லை என்றது, பிரிட்டனும் அதையே சொன்னது. தம்பதியால் அங்கே தங்கவும் முடியவில்லை, குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு வரவும் முடியவில்லை. மரபணுப் பரிசோதனையில் கணவர்தான் தந்தை என்று உறுதியான பிறகு, குடிவரவு விதிகளுக்கு வெளியே, தனி அனுமதியில்தான் குழந்தைகள் பிரிட்டனுக்குள் வந்தன.

அதனால் இந்த வேலையில் முதலில் பார்க்க வேண்டிய காகிதம் குழந்தையுடையது அல்ல, சுமக்கப்போகும் பெண்ணுடையது. அவள் மணமானவளா இல்லையா? பிரிட்டனைப் பொறுத்தவரை இந்த ஒரு பதிலில் குழந்தையின் குடியுரிமையே திசை மாறும். அவள் தனியாள் என்றால், மரபணுத் தந்தை பிரிட்டிஷ் குடிமகன் என்றால், தந்தைமைக்கு ஆதாரம் காட்டிக் குழந்தை பிறப்பிலேயே குடியுரிமை பெற வழி உண்டு. அதிலும் ஒரு கிளைக்கேள்வி: தந்தை தானே வெளிநாட்டில் பிறந்து வம்சாவளியால் மட்டும் குடிமகன் ஆனவர் என்றால் அது குழந்தைக்குத் தானாக இறங்காது. பிரிட்டனில் பிறந்தவர், அல்லது அங்கே குடியேறிக் குடியுரிமை வாங்கியவர் என்றால் இறங்கும். அவள் மணமானவள் என்றால் 1981 குடியுரிமைச் சட்டத்தின் 3(1) பிரிவில் பதிவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். அது உரிமையாகக் கிடைப்பதில்லை, உள்துறையின் விருப்புரிமை.

இங்கே தவறு நடக்கும் இடம் ஏறக்குறைய எப்போதும் ஒன்றுதான். 'அவர் கணவரைப் பிரிந்துவிட்டார்' என்று வாடகைத்தாயை ஏற்பாடு செய்த ஏஜென்சி எழுதியிருக்கும். பிரிந்திருப்பது வேறு, விவாகரத்து வேறு. தாளில் முறியாத திருமணம் சட்டத்தில் திருமணம்தான். இன்னொன்று, சட்டம் பார்ப்பது பிரசவ நாளை மட்டும் அல்ல, கரு கர்ப்பப்பையில் வைக்கப்பட்ட நாளையும். விவாகரத்துத் தீர்ப்பு ஏழாம் மாதத்தில் வந்து பயனில்லை. ஆகவே தீர்ப்பின் சான்றிட்ட நகல், அவள் ஊர்ப் பதிவு அலுவலகம் தரும் மணநிலைச் சான்று, நோட்டரி முன்னால் அவள் கொடுத்த அஃபிடவிட் மூன்றும் கரு மாற்றத்துக்கு முன்பே ஃபைலுக்குள் வந்துவிட வேண்டும். கரு மாற்ற நாள் எது என்பதற்குக் கிளினிக்கின் கடிதம் தனியாக வேண்டும்: யாருடைய கருமுட்டை, யாருடைய விந்து, எந்தத் தேதியில் எத்தனை கருக்கள் வைக்கப்பட்டன என்று மருத்துவர் கையெழுத்தோடு. பிரசவம் ஆன பிறகு கிளினிக்கிடம் இதைக் கேட்டு வாங்குவது பெரும்பாடு.

குழந்தை பிரிட்டனுக்கு வந்ததும் 'பெற்றோர் ஆணை'க்கு, அதாவது சட்டப்படி பெற்றோர் இவர்கள்தான் என்று நீதிமன்றம் தரும் உத்தரவுக்கு, விண்ணப்பம். 2008-ஆம் ஆண்டின் மனிதக் கருத்தரிப்பு, கருவியல் சட்டத்தின் 54-ஆம் பிரிவு தம்பதிகளுக்கு. 2019 ஜனவரியிலிருந்து 54ஏ பிரிவில் தனியாளும் கேட்கலாம். படிவம் சி51. பிறந்து 6 மாதத்துக்குள் போட வேண்டும். காலம் தாண்டிய விண்ணப்பத்தையும் ஏற்கலாம் என்று 2014-இல் ஒரு தீர்ப்பு வந்தது உண்மைதான். அதை நம்பித் தள்ளிப்போடச் சொல்ல எந்த வழக்கறிஞருக்கும் மனம் வராது. விண்ணப்பிப்பவர்களில் ஒருவருக்காவது குழந்தையோடு மரபணுத் தொடர்பு இருக்க வேண்டும், ஒருவருக்காவது பிரிட்டன் நிரந்தர வாழிடமாக இருக்க வேண்டும். பல வருடம் அங்கே வேலை பார்த்தாலும் 'ஒருநாள் ஊருக்கே போய்விடுவோம்' என்று எண்ணிக்கொண்டிருப்பவர்கள் இந்த இரண்டாவது நிபந்தனையில்தான் மாட்டுவார்கள். சட்டம் கேட்பது தங்கியிருந்த ஆண்டுக் கணக்கை அல்ல, எங்கே நிலையாக இருப்பதாக எண்ணம் என்பதை.

சுமந்த பெண்ணின் சம்மதம் இதில் தனிக் கதை. பிரசவித்து 6 வாரம் ஆகும் முன் அவள் கொடுக்கும் சம்மதம் செல்லாது. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குப் போகும் அன்றே எல்லாவற்றிலும் கையெழுத்து வாங்கி வைத்திருப்பார்கள். அழகாக நோட்டரி முத்திரையும் இருக்கும். இந்த நீதிமன்றத்துக்கு அது வெறும் தாள். 6 வாரத்துக்குப் பிறகு ஏ101ஏ படிவத்தில், அவள் ஊரில், நோட்டரி முன்னால் கையெழுத்து வேண்டும். அவளுக்கு ஆங்கிலம் தெரியாதென்றால் அவள் மொழியில் முழு மொழிபெயர்ப்பு, படித்துக் காட்டியதற்கு மொழிபெயர்ப்பாளர் வாக்குமூலம், இரண்டும் அதோடு சேர வேண்டும். அந்தக் கட்டத்தில் அவள் வேறு ஊருக்குப் போயிருக்கலாம், போன் எண் மாறியிருக்கலாம், ஏஜென்சி கணக்கை மூடியிருக்கலாம். அதனால் 6 வாரத்துக்குப் பின் ஒரு நாளையும் ஒரு நோட்டரியையும் ஒப்பந்தத்திலேயே எழுதி, அவள் போக்குவரத்துச் செலவையும் அதிலேயே சேர்த்துவிடுவது நல்லது. அவள் சொந்தமாகச் சட்ட ஆலோசனை பெற்றாள் என்பதற்கும் ஒரு கடிதம் இருந்தால் நீதிபதியின் பாதிக் கேள்விகள் அடங்கும்.

பணக் கணக்கும் நீதிமன்றத்துக்குப் போகும். நியாயமான செலவுக்கு மேல் கொடுத்திருந்தால் அதை நீதிபதி அங்கீகரிக்க வேண்டும். 'மொத்தத் தொகுப்பு' என்று ஏஜென்சி ஒரே வரியில் கொடுத்த பில்லை வைத்து அந்தப் பெண்ணின் கைக்குப் போனது எவ்வளவு என்று யாராலும் சொல்ல முடியாது. ஒவ்வொரு தவணைக்கும் வங்கிக் குறிப்பு, அன்றைய மாற்று விகிதம், எதற்கு என்ற ஒரு வரி. எக்செல் தாள் ஒன்று போதும், ஆனால் முதல் தவணையிலிருந்தே தொடங்க வேண்டும்.

இனி அப்போஸ்டில். 1961 அக்டோபர் 5 ஹேக் உடன்படிக்கையின்படி ஒரு நாட்டு அரசு ஆவணத்தை இன்னொரு நாடு ஏற்க ஒட்டப்படும் சான்று அது. தலைப்பு பிரெஞ்சில் இருக்கும், கீழே 1 முதல் 10 வரை எண்ணிட்ட கட்டங்கள்: எந்த நாடு, யார் கையெழுத்திட்டார், என்ன பதவியில், யாருடைய முத்திரை, எங்கே, எப்போது, யாரால், எந்த எண், பிறகு முத்திரை, கையெழுத்து. உள்ளே எழுதியிருப்பது உண்மை என்று இது சொல்வதில்லை. கையெழுத்துப் போட்ட அதிகாரி அந்த அதிகாரிதான் என்று மட்டும் சொல்கிறது. கலிபோர்னியாவில் இதனால் ஒரு படி கூடும். பிறப்புச் சான்றிதழில் உள்ளூர் சுகாதார அதிகாரியின் கையெழுத்து இருந்தால், கவுண்டி கிளார்க் (மாவட்ட அளவிலான பதிவு அதிகாரி) முதலில் அதைச் சான்றளிக்க வேண்டும், அப்புறம்தான் மாநிலச் செயலர் அலுவலகம் அப்போஸ்டில் தரும். இது தெரியாமல் நேரே போய் நின்றவர்கள் வெறுங்கையோடு திரும்புவார்கள்.

வரிசை முக்கியம்: முதலில் ஒரிஜினல், பிறகு அப்போஸ்டில், கடைசியில்தான் மொழிபெயர்ப்பு. முதலிலேயே மொழிபெயர்த்துவிட்டால் அப்போஸ்டில் பக்கம் மொழிபெயர்க்கப்படாமல் நிற்கும். அதிகாரி அதைச் சுட்டிக்காட்டித் திருப்பி அனுப்புவார். ஸ்கேன் எடுக்கிறேன் என்று ஸ்டேப்பிள் பின்னை எடுக்கவே கூடாது. இரண்டு தாளையும் இணைக்கும் பின், நாடா, மேலே அழுத்திய முத்திரை எல்லாம் சேர்ந்துதான் ஆவணம். மூலையில் கூடுதலாக ஒரு துளை தெரிந்தாலே, பிரித்துச் சேர்த்த தாள் என்று சந்தேகம் வந்துவிடும். மடக்கிப் பிடித்துப் படம் எடுக்க வேண்டியதுதான்.

பெயர்க் குழப்பத்துக்குத் தனி அலமாரியே வேண்டும். உக்ரைன், ஜார்ஜியா போன்ற நாடுகளில் பெற்றோர் பெயர் பாஸ்போர்ட்டின் ஆங்கில எழுத்திலிருந்து அந்த ஊர் எழுத்துக்குப் போய், மொழிபெயர்ப்பில் மறுபடி ஆங்கிலத்துக்குத் திரும்பும். போன ஹெலன் கெலனாகத் திரும்பி வரலாம். மொழிபெயர்ப்பாளரிடம் பாஸ்போர்ட் ஜெராக்ஸைக் கொடுத்து, 'இதில் உள்ள எழுத்துக்கூட்டல்படியே' என்று எழுதிக் கேட்டால் தீரும் பிரச்சினை இது. குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருக்கும் பாஸ்போர்ட்காரர்களுக்கு இன்னும் சிக்கல்: பல பதிவேடுகளில் அந்தக் கட்டம் கட்டாயம். சிலர் பெயரை இரண்டு முறை எழுதுவார்கள், சிலர் கோடு போடுவார்கள். அமெரிக்க விசாவில் முதற்பெயர் தெரியாது என்பதற்கான எஃப்என்யூ என்ற மூன்றெழுத்து ஏறிவிடும். அதைப் பார்த்து எழுதும் மருத்துவமனை ஊழியர் அதையே தந்தையின் பெயராக எழுதிவிட வாய்ப்புண்டு. மருத்துவமனையில் நிரப்பும் முதல் படிவத்திலேயே பிடித்தால் ஐந்து நிமிட வேலை. பதிவான பிறகு திருத்த விண்ணப்பம், கட்டணம், காத்திருப்பு.

மரபணுப் பரிசோதனையை யாரும் ஆசையாகச் செய்வதில்லை. ஆனாலும் பல தூதரகங்கள் கேட்கும். அமெரிக்கத் தூதரகத்துக்கு ஏஏபிபி என்ற அமைப்பின் அங்கீகாரம் பெற்ற ஆய்வகம்தான் செல்லும். கன்னத்தின் உள்பக்கம் பஞ்சுக்குச்சியால் எடுக்கும் மாதிரியை, அடையாள ஆவணத்தைப் பார்த்துவிட்டு மூன்றாம் நபர் எடுத்து முத்திரையிட்டு அனுப்ப வேண்டும். வீட்டில் எடுத்துத் தபாலில் போட்டது ஆறுதலுக்கு மட்டும். கிளினிக் சொன்னதையே நம்புவது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு இத்தாலியத் தம்பதி ஒருவரின் வழக்கு இருக்கிறது. 2011-இல் ரஷ்யாவில் பிறந்த குழந்தைக்குக் கணவரின் விந்து பயன்படுத்தப்பட்டதாகச் சொல்லப்பட்டது. பரிசோதனையில் இருவருக்குமே தொடர்பு இல்லை என்று வந்தது. குழந்தை அவர்களிடமிருந்து பிரிக்கப்பட்டது. ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தின் பேரமர்வு 2017 ஜனவரியில் இத்தாலி உரிமையை மீறவில்லை என்று முடித்தது.

இந்தியா வெளிநாட்டவருக்குத் திறந்திருந்த காலத்திலும் இதே பாடம்தான். 2008-இல் குஜராத்தின் ஆனந்த் நகரில் ஜப்பானியத் தம்பதிக்காகக் குழந்தை பிறக்குமுன்னே தம்பதி விவாகரத்து செய்துவிட்டார்கள். கருமுட்டை தந்தவர், சுமந்தவர், முன்னாள் மனைவி என்று மூன்று பெண்கள், சட்டப்படி தாய் என்று கையெழுத்திட ஒருவரும் இல்லை. பாஸ்போர்ட்டுக்குப் பதிலாக ஓர் அடையாளச் சான்றும், ஜப்பானின் மனிதாபிமான விசாவும் கிடைத்த பிறகே பாட்டியோடு குழந்தை கிளம்பியது. அதே ஊரில் அதே ஆண்டு ஒரு ஜெர்மானியருக்குப் பிறந்த இரட்டையருக்கு 2 ஆண்டுக்கு மேல் இழுத்தது. 2012-இல் இந்திய உள்துறை விசா விதியில் ஒரு கடிதம் கேட்கத் தொடங்கியது: பிறக்கும் குழந்தையை எங்கள் நாட்டுக்குள் அனுமதிப்போம் என்று தம்பதியின் அரசு எழுதித் தர வேண்டும். 2015 நவம்பரில் வெளிநாட்டவருக்குக் கதவே சாத்தப்பட்டது. ஆனால் அந்தக் கடிதத்தை, எந்த நாடாக இருந்தாலும், யாரும் கேட்காவிட்டாலும், ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன் சொந்த நாட்டுத் தூதரகத்திடம் எழுத்தில் கேட்டுப் பார்க்க வேண்டும். அவர்கள் எழுதித் தர மறுத்தால் அதுவும் ஒரு பதில்தான்.

பயணக் கட்டத்தில் சில்லறை விஷயங்கள்தான் நாளைத் தின்னும். பிரிட்டிஷ் பாஸ்போர்ட் படத்துக்கு ஒரு வயதுக்குள் கண் திறந்திருக்க வேண்டியதில்லை. ஆனால் தலையைத் தாங்கும் கை படத்தில் தெரியக்கூடாது. வெள்ளைத் துணியில் படுக்கவைத்து மேலிருந்து எடுப்பது எளிது, நிழல் விழாத ஜன்னல் பக்கமாக. அவசரப் பயண ஆவணத்தில் வழித்தடம் அச்சாகும். விமானம் மாறும் ஊரை மாற்றினால் தாளும் மாற வேண்டும். அமெரிக்கப் பாஸ்போர்ட்டில் பிரிட்டனுக்கு வரும் கைக்குழந்தைக்கும் 2025 ஜனவரி 8-இலிருந்து மின்னணுப் பயண அனுமதி தேவை. பிறந்த நாட்டின் விமான நிலையத்தில் குழந்தையின் உள்நுழைவு முத்திரை எங்கே என்று கேட்கும் அதிகாரியும் உண்டு. அந்த நாட்டுக்குள் அது வந்ததே பிறந்துதானே. வெளியேற்ற அனுமதி தேவைப்படும் நாடா என்று முன்பே பார்த்துவிட வேண்டும். ஒரிஜினல்கள் கைப்பையில், கார்கோவில் அல்ல.

பெற்றோர் ஆணை கிடைக்கும் வரை பிரிட்டிஷ் சட்டத்தில் தாய் சுமந்த பெண்தான் என்பதால், இடையில் பெற்றோருக்கு ஏதாவது ஆகிவிட்டால் குழந்தைக்கு யார் என்று உயில் எழுதி வைப்பதும் இந்த ஃபைலின் பகுதி. பேச சங்கடமான விஷயம் என்று இதைத் தள்ளிவைப்பவர்களே அதிகம்.

ஆணை வந்ததும் பெற்றோர் ஆணைப் பதிவேட்டில் பதிந்து புதிய பிரிட்டிஷ் சான்றிதழ் தருவார்கள். பழைய வெளிநாட்டுச் சான்றிதழைத் தூக்கிப் போட்டுவிடக் கூடாது. அமெரிக்காவில் பிறந்த குழந்தையின் அமெரிக்கப் பாஸ்போர்ட் 5 ஆண்டுதான் செல்லும், 16 வயதுக்குள் புதுப்பிக்கும்போது மறுபடி அந்த ஊர்ப் பிறப்புச் சான்றிதழைத்தான் கேட்பார்கள். அதில் பெற்றோர் என்று யார் பெயர் இருக்கிறதோ அவர்கள் இருவரும் நேரில் வர வேண்டும், அல்லது வராதவர் டிஎஸ்-3053 படிவத்தில் நோட்டரி முன்னால் சம்மதம் தர வேண்டும். சில மாநிலங்களின் சான்றிதழில் சுமந்த பெண்ணின் பெயரே தாயாக நின்றிருக்கும். அப்போது நீதிமன்ற ஆணையின் சான்றிட்ட நகலும் உடன் போக வேண்டும். நீதிமன்றத்தில் கேட்கும்போதே மூன்று, நான்கு சான்றிட்ட நகலாகக் கேட்டு வாங்கிவிடுவது பிற்பாடு அலைச்சலைக் குறைக்கும்.