கொண்டை ஊசி வளைவில் பலகை நடுவது

சாலைப் பலகை நடுவதை யாரும் ஒரு வேலையாகவே மதிப்பதில்லை. குழி தோண்டு, குழாயை நிறுத்து, கான்கிரீட் போடு, அவ்வளவுதானே என்பார்கள். மேட்டுப்பாளையம் வரைக்கும் அது ஓரளவு சரி. மலை ஏறிவிட்டால் கதை வேறு. நீலகிரியில் ஒப்பந்த மேற்பார்வையாளராக இருந்தபோது நான் அதிகம் மல்லுக்கட்டியது, பலகை எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்பதற்காகத்தான்.

விதியெல்லாம் தெளிவாகவே இருக்கிறது. 1934-இல் தொடங்கிய இந்தியச் சாலைப் பேராயத்தின் ஐஆர்சி 67 என்ற நெறிமுறைதான் எங்களுக்கு வேதம். எச்சரிக்கைக்குச் சிவப்பு விளிம்பு முக்கோணம், கட்டாயத்துக்கு வட்டம், தகவலுக்குப் பெரும்பாலும் நீலச் செவ்வகம். இதன் அருமை மூடுபனியில் தெரியும். எழுத்து போய்விடும், உள்ளே இருக்கும் படமும் மங்கிவிடும், முக்கோணம் மட்டும் கண்ணில் படும். கூடலூர் வழியாக ஏறிவரும் கேரள, கர்நாடக ஓட்டுநர்களுக்குத் தமிழ் படிக்கத் தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. அதனால்தானோ என்னவோ, நாலு வரியில் அறிவுரை எழுதி நிறுத்தும் பலகைகள்மேல் எனக்கு மரியாதை கிடையாது. தேவைக்கு மேல் நட்டால் பலகைக்கே மதிப்புப் போய்விடும் என்று அந்த நெறிமுறையும் சொல்கிறது.

குன்னூரிலிருந்து பர்லியாறு இறங்கும் வழியில், வளைவின் வெளி ஓரத்தில் மஞ்சளில் கறுப்பு அம்பு போட்ட பலகைகளை நட்டோம். ஆட்கள் மட்டம் பிடித்து, சாலை ஓரத்துக்குச் செங்குத்தாகக் கச்சிதமாக நிறுத்தியிருந்தார்கள். பகலில் பார்க்க அழகு. இருட்டியதும் பிக்கப் ஓட்டும் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து இறங்கினேன்.

"போர்டு தெரியுதாண்ணே?"

"எந்த போர்டு சார்?"

பலகைமேல் ஒட்டியிருக்கும் ரிஃப்ளெக்டிவ் ஷீட் வெளிச்சத்தை வந்த வழியே திருப்பி அனுப்பும். ஆனால் வெளிச்சம் அதன் முகத்தில் விழ வேண்டுமே! வளைவுக்குள் நுழையும் வண்டியின் விளக்கு நேரே வெளி ஓரத்தைத்தான் அடிக்கிறது. எங்கள் பலகையோ விளிம்பை மட்டும் காட்டிக்கொண்டு நின்றது. வளைவில் பலகையின் கோணத்தை எதிரே வரும் வண்டியின் போக்கை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும் என்று ஐஆர்சியிலேயே இருக்கிறது. அப்புறம் கிளாம்ப் போல்ட்டைத் தளர்த்தி, அண்ணன் உள்ளிருந்து "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்று சொல்லச் சொல்லத் திருப்பி, பளிச்சென்று தெரிந்த இடத்தில் இறுக்கினோம். ஆய்வுக்கு வந்தவர் பகலில் பார்த்துவிட்டு, ஏன் எல்லாம் கோணலாக இருக்கிறது என்று கேட்டார். நெறிமுறையில் அந்தப் பக்கத்தைப் பிரித்துக் காட்டினேன். படித்துவிட்டு, சரி என்று கையெழுத்துப் போட்டார். இரவில் வந்து பாருங்கள் என்றதற்குப் பதில் இல்லை.

கோணம் சரியாக இருந்தாலும், மார்கழி, தை மாத விடியற்காலையில் ஊட்டிப் பக்கம் பலகைகள் இருண்டு கிடக்கும். ஷீட் மேல் பனித்துளி கோத்துக்கொண்டால் வெளிச்சம் சிதறிவிடும். துணியால் ஒரு இழுப்பு இழுத்தால் அந்த இடம் மட்டும் மின்னும். வெயில் வந்தால் பனி போய்விடும், பாசி போகாது. மர நிழலில் நிற்கும் பலகைகளைச் சோப்புத் தண்ணீரில் கழுவியே ஆக வேண்டும். நான் பார்த்த எஸ்டிமேட்டுகளில் பலகை வாங்க, நட எல்லாம் தொகை இருந்தது. கழுவ மட்டும் இல்லை. கேட்டால், மழை பெய்தால் தானாகச் சுத்தமாகிவிடும் என்றார்கள். மழைதான் பாசியைக் கொண்டுவருகிறது என்பதை நான் கடிதமாகவே எழுதிக் கொடுத்தேன்.