கொண்டை போட்ட பிறகே ரம்பம்

பிளக்கைச் சொருகுவதற்கு முன்னால் பின்னலைச் சுருட்டிக் கொண்டை போட்டுவிடுவேன். வளையல்களைக் கழற்றி ஜன்னல் திட்டில் வைப்பேன். தாலிச் சரடு சுடிதாரின் கழுத்துக்குள் போய்விடும். துப்பட்டா மாடிக்கே வருவதில்லை. கோயிலில் கட்டிவிட்ட கயிறு மணிக்கட்டில் இருந்தால் அதையும் அவிழ்த்துச் சாமி அலமாரியில் வைத்துவிட்டுத்தான் படியேறுகிறேன். தொங்கும் ஆடை, நகை, நீண்ட முடி கூடாது என்று மிஷினோடு வந்த கையேட்டில் ஒரே ஒரு வரி இருக்கிறது. அந்த ஒரு வரிக்கு என் உடம்பில் ஐந்து இடங்கள்.

கும்பகோணத்தில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில், தகரக் கூரை போட்ட பத்துக்குப் பன்னிரண்டு அடி இடம்தான் என் பட்டறை. தஞ்சாவூர் ஓவியம் வரைகிறேன். தேக்குச் சட்டங்களை வெளியில் கொடுத்துச் செய்தபோது மூலைகள் வாய்பிளந்தே வந்தன. ஒரு சட்டத்துக்கு எட்டு வெட்டு. ஒவ்வொரு வெட்டும் 45 டிகிரிக்கு அரை டிகிரி குறைந்தால்கூட, மூன்று மூலைகளை இறுக்கிச் சேர்த்த பிறகு நான்காவதில் 4 டிகிரி இடைவெளி வந்து நிற்கும். மாதக் கணக்கில் உட்கார்ந்து தங்கத் தாள் ஒட்டிய படத்துக்கு அப்படி ஒரு மூலையைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. மரத்தை வேண்டிய கோணத்தில் வெட்டும் மின்சார மைட்டர் ரம்பத்தை நானே வாங்கிவிட்டேன்.

பத்து அங்குல பிளேடு, 60 பல், நிமிடத்துக்கு 4,800 சுற்று. கணக்குப் போட்டுப் பார்த்தால் பல்லின் நுனி மணிக்குச் சுமார் 230 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. அந்த வேகம் என்ன செய்யும் என்பதை மூன்றாவது மாதத்தில் தெரிந்துகொண்டேன்.

சட்டத்தின் பின்புறம் மூலைக்கு மூலை வைக்கும் முக்கோணக் கட்டைகளை வெட்டிக்கொண்டிருந்தேன். ஒவ்வொன்றும் 3 சென்டிமீட்டர்தான். அளவு மாறாமல் வரவேண்டும் என்று, வெட்டுப்பட்டு விழும் பக்கத்தில் ஒரு தடுப்புக் கட்டையை இறுக்கிவைத்திருந்தேன். ஐந்து துண்டுகள் ஒழுங்காக வந்தன. ஆறாவதை வெட்டி முடித்ததும், பிளேடு இன்னும் சுற்றிக்கொண்டிருக்கும்போதே ரம்பத் தலையை, அதாவது வெட்டுவதற்குக் கீழே இறக்கும் மோட்டாரும் பிளேடும் உள்ள பகுதியை, மேலே தூக்கிவிட்டேன். படீரென்று ஒரு சத்தம். துண்டைக் காணவில்லை. எனக்குப் பின்னால் இருந்த பிளாஸ்டிக் வாளியில் விரல் நுழையும் அளவுக்கு ஓட்டை. துண்டு வாளிக்குள் கிடந்தது. அதன் ஒரு முனை கருகியிருந்தது. என் இடது காதுக்கும் அந்தத் துண்டு போன வழிக்கும் எவ்வளவு தூரம் இருந்திருக்கும் என்று நினைத்தால் இப்போதும் வயிறு கலங்குகிறது.

அன்று முழுக்க மிஷினைத் தொடவில்லை. பிளக்கைக் கழற்றிவிட்டு, பிளேடைக் கையால் மெல்லச் சுழற்றிப் பார்த்தேன். நம் பக்கம் இருக்கும் பற்கள் கீழே இறங்குகின்றன. அடியில் மரத்தைப் பின்தடுப்பை, அதாவது மரத்தை ஒட்டிவைக்கும் பின்பக்கத் தகட்டை, நோக்கித் தள்ளுகின்றன. பின்தடுப்பை ஒட்டிய பக்கத்தில் மேலே எழுகின்றன. வெட்டுப்பட்ட சின்னத் துண்டைப் பிடித்துக்கொள்ள யாரும் இல்லை. தடுப்புக் கட்டை இருந்ததால் விலகி ஓடவும் வழியில்லை. மேலெழும் பல் அதைக் கவ்வி எறிந்திருக்கிறது.

இப்போது தடுப்புக் கட்டையை நான் பிடித்திருக்கும் பக்கத்தில் மட்டுமே வைக்கிறேன். விழும் துண்டு தாராளமாக விழட்டும். வெட்டி முடித்ததும் அழுத்தியிருக்கும் சுவிட்ச் விசையை விட்டுவிட்டு, தலையைக் கீழேயே அழுத்திவைத்து எட்டு வரை எண்ணுகிறேன். என் மிஷினில் பிளேடு நிற்க அவ்வளவு நேரம் ஆகிறது. நின்ற பிறகே தலையைத் தூக்குவேன், துண்டை எடுப்பேன். பின்தடுப்பின் நடுவில் இருந்த இடைவெளியை மறைத்து ஒரு பிளைவுட் பட்டை பொருத்தியிருக்கிறேன். பிளேடிலிருந்து 15 சென்டிமீட்டருக்குள் என் கை போகாது; போகவேண்டிய வேலை என்றால் கிளாம்ப் பிடித்துக்கொள்ளும். அந்த முக்கோணக் கட்டைகளை இப்போது கைரம்பத்தால்தான் அறுக்கிறேன். நேரம் கூட ஆகிறது, ஆகட்டும்.

எங்கள் தெரு ஆசாரி ஒருநாள் மாடிக்கு வந்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து வாசலிலேயே வைத்துவிட்டு, மிஷினில் நான் வைத்திருந்த எட்டடித் தேக்கை ஒற்றை விரலால் ஒரு முனையில் அழுத்தினார். மறுமுனை எழும்பியது. “மரம் முதலில் உட்காரட்டும் அம்மா, பிறகு வெட்டலாம்” என்றார். அன்றே இருபுறமும் செங்கல் அடுக்கி, மேலே பலகை போட்டு, மிஷின் மேசையின் மட்டத்துக்குக் கொண்டுவந்தோம். வளைந்த மரத்தின் புடைத்த பக்கம் பின்தடுப்பைத் தொடவேண்டும் என்று சொல்லிக்கொடுத்தவரும் அவர்தான். திருப்பி வைத்தால் அறுக்க அறுக்க வெட்டு வாய் மூடி பிளேடை இறுக்கிக்கொள்ளும்.

கை பத்திரமாக இருக்கட்டும் என்று என் நாத்தனார் ஆசையாகத் தோல் கையுறை வாங்கிக்கொடுத்தார். அதை ரோஜாச் செடிக்கு வைத்துக்கொண்டேன். சுற்றும் பிளேடு உறையின் நுனியைப் பிடித்தால் விரலையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும் என்று அவருக்கு எடுத்துச் சொன்னபோது புரிந்துகொண்டார். கண்ணாடியும் காதடைப்பானும் முகக்கவசமும் கட்டாயம் உண்டு. தேக்குத் தூள் எனக்கு முதலில் அரிப்பையும் தும்மலையும்தான் கொடுத்தது. மரத்தூள் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1995-லேயே பட்டியலில் சேர்த்திருப்பதைப் படித்தபிறகு, கூட்டும்போதுகூடக் கவசத்தைக் கழற்றுவதில்லை.

மின்வெட்டு வந்தால் முதல் வேலை பிளக்கைப் பிடுங்குவது. கரண்ட் எப்போது திரும்பி வரும் என்று யாருக்குத் தெரியும்?

இந்த வாரம் 18-க்கு 15 அங்குலத்தில் ஒரு வெண்ணெய்த்தாழிக் கிருஷ்ணருக்குச் சட்டம் வெட்டினேன். மகளுக்கு ஏழு வயது. அவளுக்கும் ஒரு காதடைப்பான் வாங்கியிருக்கிறேன். பட்டறைக் கதவைத் தாண்டி உள்ளே வரமாட்டாள். நான் விசையை விட்டதும் வாசலில் நின்றபடி விரல்களை ஒவ்வொன்றாக மடக்குகிறாள். எட்டாவது விரல் மடங்கிய பிறகுதான் தலையைத் தூக்க எனக்கு அனுமதி.