நோயாளியின் குடும்பத்தோடு ஒரு கபாப் கடையில்

தில்லியில் ஒரு தனியார் மருத்துவமனையின் வெளிநாட்டு நோயாளிகள் பிரிவில் நான் பணியாற்றிய காலத்தில், எங்களைத் தேடி வந்தவர்களில் ஆப்கானியர்களே மிகுதி. இதயம், சிறுநீரகம், புற்றுநோய் என்று சொந்த நாட்டில் போதிய சிகிச்சை கிடைக்காத நோய்களோடு காபூலிலிருந்து விமானம் ஏறி வந்து, லஜ்பத் நகரிலும் போகலிலும் வாடகை அறை பிடித்துத் தங்கி, காலையில் மருத்துவக் கோப்பைக் கையில் இறுகப் பிடித்தபடி எங்கள் மேசைக்கு முன் நிற்பார்கள். அந்த மேசையில் அமர்ந்து நான் அவர்களைப் பற்றி அறிந்துகொண்டதைவிட, அவர்கள் தங்கியிருந்த தெருவில் இருந்த சிறிய கபாப் உணவகத்தில் அறிந்துகொண்டதே அதிகம்.

லஜ்பத் நகர் 1947 பிரிவினையில் வீடிழந்து வந்தவர்களுக்காக உருவான குடியிருப்பு. 1979 டிசம்பரில் சோவியத் படைகள் ஆப்கானிஸ்தானுக்குள் நுழைந்த பிறகும், தொண்ணூறுகளின் உள்நாட்டுப் போரின்போதும், இன்னொரு நாட்டின் அகதிகள் அங்கே வந்து சேர்ந்தார்கள். அவர்களைத் தொடர்ந்து ரொட்டிக் கடைகளும், ஆப்கானியர் பேசும் தாரி மொழியில் பெயர்ப்பலகை எழுதிய மருந்துக் கடைகளும், உணவகங்களும் வந்தன. முந்திரியும் பாலாடையும் சேர்த்து ‘அஃப்கானி சிக்கன்’ என்ற பெயரில் தில்லி முழுவதும் விற்கும் பண்டத்தை அங்கே எதிர்பார்த்துப் போகக் கூடாது. எங்கள் மொழிபெயர்ப்பாளர் காபூலில் பிறந்து வளர்ந்தவர். அந்தப் பண்டத்தை அவர் முதன்முதலாகப் பார்த்ததே தில்லியில்தான்.

நான் போய்வந்த உணவகத்தில் கரி அடுப்பு வாசலை ஒட்டியே இருந்தது. கொத்துக்கறி கபாபுக்குத் தட்டையான இரும்புக் கம்பிகளைத்தான் பயன்படுத்துவார்கள்; உருண்டைக் கம்பியில் பிடித்தால், திருப்பும்போது கம்பி மட்டும் சுழலும், கறி அப்படியே நின்று ஒரு பக்கம் கருகிப்போகும். துண்டுக்கறியில் இரண்டு இறைச்சித் துண்டுகளுக்கு இடையே ஒரு கொழுப்புத் துண்டைக் கோப்பார்கள். அது உருகிக் கரியில் சொட்ட, எழும் புகை மேலே இருக்கும் இறைச்சியில் ஏறும். வெந்ததும் அடுப்புக்காரர் ஒரு நீளமான நானை மடித்து, கம்பியில் இருக்கும் இறைச்சி முழுவதையும் அதற்குள் பிடித்துக்கொண்டு, மறுகையால் கம்பியை ஒரே இழுப்பில் உருவி எடுப்பார். சாறு முழுவதும் அந்த நானில் இறங்கிவிடும். காய்ந்த புளிப்புத் திராட்சையை இடித்த பொடியைக் கபாபின் மேல் தூவிக் கொடுப்பார்கள். எலுமிச்சையைவிட மென்மையான புளிப்பு அது.

ஆனால் அந்தச் சமையற்கட்டின் தரத்தை நான் கபாபை வைத்து மதிப்பிட மாட்டேன். காபூலி புலாவை வைத்தே மதிப்பிடுவேன். ஒவ்வொரு பருக்கையும் தனித்தனியாக நிற்க வேண்டும், கறி வெந்த சாறு ஒவ்வொன்றிலும் ஏறியிருக்கவும் வேண்டும். மெல்லிய குச்சிகளாக நறுக்கி வதக்கிய கேரட்டும் உலர்திராட்சையும் மேலே கிடக்க, ஆட்டுக்கறி சோற்றுக்கு அடியில் புதைந்திருக்கும். அங்கே என்னை அழைத்துச் சென்ற குடும்பங்களில் மூத்தவராக இருப்பவர், அந்தக் கறியைச் சோற்றுக்குள்ளிருந்து தேடி எடுத்து, எலும்பை ஒட்டிய நல்ல துண்டாகப் பார்த்து என் தட்டில் வைத்துவிட்டுத்தான் தமக்குப் பரிமாறிக்கொள்வார்.

அந்தச் செயலுக்கு என் பணியில் இருந்த பொருளை நான் மெதுவாகத்தான் உணர்ந்தேன். மருத்துவமனைக்குள் அவர்கள் ‘உடனிருப்பவர்கள்’. எங்கே நிற்க வேண்டும், எந்தப் படிவத்தில் கையெழுத்திட வேண்டும், எப்போது பணம் கட்ட வேண்டும் என்று நாங்கள் சொல்லச் சொல்லச் செய்பவர்கள். ஊரில் பத்துப் பேருக்குச் சோறிட்டு வாழ்ந்தவர்கள் அங்கே கேள்வி கேட்கவே கூச்சப்பட்டார்கள். உணவகத்தின் மேசையில் அவர்கள் மறுபடியும் விருந்தளிப்பவர்கள் ஆனார்கள். பேச்சும் அப்போதுதான் வந்தது. தந்தையின் இரத்த அழுத்த மாத்திரைகள் பயணத்தின் நடுவிலேயே தீர்ந்துபோனதை ஒரு மகன் அங்கேதான் சொன்னார். மருத்துவர் கேட்டபோது, எல்லாம் முறையாகச் சாப்பிடுகிறார் என்றே அவர் பதில் சொல்லியிருந்தார். நிலத்தை விற்ற பணம் எத்தனை நாளுக்குத் தாங்கும் என்ற கணக்கும், தாய்க்கு இருப்பது புற்றுநோய் என்பதைத் தாயிடம் சொல்ல வேண்டாம் என்ற வேண்டுகோளும் தேநீருக்காகக் காத்திருந்த நேரத்தில்தான் வெளிவந்தன. இவற்றில் மருத்துவருக்குத் தெரிய வேண்டியதைக் குடும்பத்தாரின் சம்மதத்தோடு மறுநாள் காலையிலேயே சேர்ப்பித்துவிடுவேன். எந்தப் படிவமும் அந்தத் தகவல்களைப் பெற்றுத் தந்திருக்காது.

இதில் ஒரு சிக்கலும் இருந்தது. நோயாளிகளின் குடும்பத்தாரிடமிருந்து ஊழியர்கள் எதையும் பெறக் கூடாது என்பது எங்கள் துறையின் விதி. தரகர்கள் நோயாளிகளை வைத்துக் காசு பார்க்கும் தொழிலில் அது மிக அவசியமான விதி என்றே இன்றும் நம்புகிறேன். மறுபக்கம், தன் விருந்தாளியைப் பணம் கொடுக்க விடுவது ஓர் ஆப்கானியருக்குத் தலைகுனிவு. நான் பணப்பையை எடுத்தால் அவர்கள் முகம் வாடியது. எடுக்காவிட்டால் என் மனம் ஒப்பவில்லை. வழி சொன்னவர் எங்கள் மொழிபெயர்ப்பாளர்தான். ‘நீங்கள் எங்கள் நகரத்துக்கு வந்த விருந்தாளிகள், அதனால் சாப்பாடு எங்களுடையது; தேநீர் உங்களுடையது’ என்று உட்காரும்போதே சொல்லிவிடச் சொன்னார். ஏலக்காய் மணக்கும் பச்சைத் தேநீரை அவர்கள் பெருமையோடு கோப்பை கோப்பையாக ஊற்றினார்கள். ஒரு கோப்பைத் தேநீருக்கு எந்த மேலதிகாரியும் மறுப்புச் சொன்னதில்லை.

2021 ஆகஸ்ட் 15 அன்று காபூல் தாலிபான் வசமான பின் அந்தத் தெரு சில நாட்களிலேயே மாறிப்போனது. ஏற்கெனவே வழங்கிய விசாக்களை இந்திய அரசு அதே மாதம் செல்லாததாக்கியது; அறுவைச் சிகிச்சை முடிந்து ஊர் சென்றவர்கள் மறுபரிசோதனைக்கு வர முடியாமல் நின்றார்கள். அறிக்கைகளை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லி, மருத்துவரிடம் காட்டி, பதிலைத் தாரியில் திருப்பி அனுப்புவதே எங்கள் வேலையாயிற்று. உணவகத்தில் நோயாளிக் குடும்பங்கள் அமர்ந்த மேசைகளில் தில்லிக்காரர்கள் அமரத் தொடங்கினார்கள். அடுப்பு அணையாமல் இருக்க அவர்கள் வந்தது நல்லதுதான்; ஆனாலும் அங்கே போகும்போதெல்லாம், வர முடியாமல் போன முகங்கள்தான் எனக்கு நினைவுக்கு வந்தன.

பிறகு எங்கள் பிரிவில் புதிதாகச் சேர்ந்தவர்களை அந்த உணவகத்துக்கு அழைத்துப் போவதை வழக்கமாக்கிக்கொண்டேன். அவர்களுக்கு நான் வைத்த நிபந்தனை ஒன்றே ஒன்று. இரண்டு பக்கமும் பேச, நடுவில் இருந்து இரண்டையும் மாற்றிச் சொல்லிக்கொண்டே இருப்பதால் மொழிபெயர்ப்பாளரின் கபாப் எப்போதும் ஆறி, கொழுப்பு உறைந்துபோய்விடும். பல மாதங்கள் அது என் கண்ணில் பட்டும் கருத்தில் படவில்லை. எனவே அவர் தட்டு காலியாகும்வரை யாரும் நோயைப் பற்றியோ செலவைப் பற்றியோ பேசக் கூடாது. குடும்பத்தாரிடமும் இதைச் சொல்லிவிடுவோம். உடனே அந்தக் குடும்பத்தின் பெரியவர் நல்ல துண்டாகப் பார்த்து முதலில் அவர் தட்டில் வைப்பார்.